சமூக மன்ற மேடைக்கு போர்ட்லேண்டியா மாதிரி ஒன்று எழுத வேண்டும், யோசனை சொல்லுங்கள்

ஈசூன்காரி எழுதியது:

வணக்கம். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வருகிறது. சிங்கப்பூரில் எங்கள் சமூக மன்றத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு நகைச்சுவை நாடகம் கேட்டிருக்கிறார்கள். எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. வழக்கமாக மேடைக்கு வருவது என்னவென்று உங்களுக்கே தெரியும். மாமியார் மருமகள் சண்டை, தமிழ் பேச வராத பேரன், கைப்பேசியை விட்டுக் கண்ணெடுக்காத கணவன். கடைசியில் ஒருவர் முன்னால் வந்து தமிழை வாழவைப்போம் என்பார், எல்லாரும் கைதட்டிவிட்டு பீஹூன் நூடுல்ஸ் சாப்பிடப் போவார்கள். இந்த முறை அது வேண்டாம் என்று அடம்பிடித்துவிட்டேன்.

என் மனத்தில் இருப்பது போர்ட்லேண்டியா. பார்க்காதவர்களுக்கு: அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரத்தை வைத்து ஃப்ரெட் ஆர்மிசனும் கேரி பிரவுன்ஸ்டீனும் செய்த குறுநாடகத் தொடர். ஐஎஃப்சி சேனலில் 2011 முதல் 2018 வரை எட்டு சீசன் ஓடியது. தாடிக்காரர்கள், சைக்கிள் வெறியர்கள், கையில் கிடைப்பதையெல்லாம் ஊறுகாய் போடுகிறவர்கள் என்று அந்த ஊர் ஹிப்ஸ்டர் கூட்டம் மொத்தத்தையும் இவர்கள் இருவரே விக்கை மாற்றி மாற்றி நடித்துவிடுவார்கள். ஆண் வேடம், பெண் வேடம் என்ற கணக்கெல்லாம் கிடையாது.

நம் ஊரிலும் அதே கூட்டம் இருக்கிறதே! தியோங் பாரு, ஹாஜி லேன், ஜாலான் புசார் பக்கம் ஒரு சனிக்கிழமை நடந்தால் போதும். என் மகளே ஒரு கஃபேயில் பகுதிநேரம் பரிஸ்தாவாக, அதாவது காப்பி போடுகிறவளாக, இருக்கிறாள். வீட்டில் தராசு வைத்துத்தான் காப்பித்தூள் போடுகிறாள், தண்ணீருக்குத் தனியாக ஒரு தெர்மாமீட்டர். இவ்வளவு சரக்கு கையில் இருந்தும், எழுத உட்கார்ந்தால் "ஏழு வெள்ளிக்கு ஒரு காப்பியா!" என்று ஓர் அப்பா கத்துவதைத் தாண்டி எதுவும் வரவில்லை. படித்துக் காட்டினேன். மகள் சிரிக்கவில்லை. "இதில் விலைதான் இருக்கிறது, காமெடி எங்கே அம்மா?" என்கிறாள்.

அவர்கள் எப்படிச் செய்கிறார்கள்? எதை எதைப் பார்த்தால் பிடி கிடைக்கும்? பார்வையாளர்களில் பாதிப் பேர் 60 தாண்டியவர்கள், அவர்களுக்கும் எட்ட வேண்டும்.

மாடிப்படி_12 எழுதியது:

எதற்கு இவ்வளவு யோசனை? பாட்டியை கஃபேக்குக் கூட்டிப் போங்கள். மெனுவில் டர்மரிக் லாத்தே என்று இருக்கும். பாட்டி ஒரு வாய் குடித்துவிட்டு, "இது நம்ம மஞ்சள் பாலுடா!" என்று சொன்னால் மன்றம் அதிரும். வேலை முடிந்தது.

பால்வண்டி எழுதியது:

அதிரும்தான் தம்பி. போன வருடம் அதிர்ந்தது, அதற்கு முந்திய வருடமும் அதிர்ந்தது. மஞ்சள் பால் ஜோக்கைக் கொஞ்ச நாள் தூங்க விடுங்கள்.

அக்கா, நான் கஃபேக்களுக்குப் பால் போடுகிற வண்டியில் இருக்கிறவன். ஓட்ஸ் பால், பாதாம் பால் எல்லாம் சேர்த்துத்தான். காலை ஐந்தரைக்குப் பின்சந்தில் வண்டியை நிறுத்தினால் இவர்களை முகப்பூச்சு இல்லாமல் பார்க்கலாம். ஹாஜி லேன், தியோங் பாரு, அப்புறம் ஜாலான் புசாரில் பழைய இரும்புச் சாமான் கடையாக இருந்து, பெயர்ப்பலகையில் இன்னும் ஹார்ட்வேர் என்றே வைத்திருக்கும் காப்பிக்கடை இருக்கிறதே, அந்த வட்டாரம் எல்லாம் எனக்கு அத்துப்படி. போர்ட்லேண்டியாவை வண்டியில் காத்திருக்கும் நேரத்தில் கைப்பேசியில்தான் பார்த்து முடித்தேன். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பா பாத்திரம் கத்துகிறார் இல்லையா, அதுதான் இடிக்கிறது. அந்தத் தொடரில் யாரும் கத்துவதே அபூர்வம். முதல் எபிசோடில் வரும் கோழிக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கணவன் மனைவி உணவகத்தில் உட்கார்ந்து கோழி கேட்கிறார்கள். கோழி உள்ளூர்தானா? உள்ளூர்தான். இயற்கை முறையில் வளர்த்ததா? ஆமாம். தீனி என்ன? ஆட்டுப்பால், சோயா, ஹேசல்நட். ஹேசல்நட்டும் உள்ளூரா? சுற்றித் திரிய எவ்வளவு இடம் இருந்தது? பரிமாறுகிற பெண் ஒரு தடவைகூட முகம் சுளிப்பதில்லை. உள்ளே போய் அந்தக் கோழியின் விவரக் கோப்பு ஒன்றையே எடுத்துவருகிறாள், போட்டோவோடு. பெயர் காலின். இவர்கள் அதைப் பார்த்துவிட்டு, காலினுக்கு நண்பர்கள் நிறைய இருந்தார்களா என்று கேட்கிறார்கள். அதுவும் போதாமல் இடத்தைப் பிடித்துவைக்கச் சொல்லிவிட்டுப் பண்ணையைப் பார்க்கவே கிளம்பிவிடுகிறார்கள். அங்கே போனால் ஒரு சாமியார் கூட்டம், அதில் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

கேட்கிறவருக்கும் நல்ல மனசு, பதில் சொல்கிறவருக்கும் நல்ல மனசு. இரண்டு நல்ல மனசும் சேர்ந்து ஒரு வேளைச் சாப்பாட்டை நடக்க விடாமல் செய்துவிடுகின்றன. நடுவில் ஒரே ஒருவர் "என்ன பைத்தியக்காரத்தனம் இது" என்று சொல்லியிருந்தால் காட்சி அங்கேயே செத்திருக்கும். நம் மேடை நாடகத்தில் அந்த ஒருவர் எப்போதும் இருக்கிறார். பெரும்பாலும் அவர்தான் கதாநாயகன்.

இன்னொன்று, இதைச் செய்தவர்கள் அந்தக் கூட்டத்துக்கு வெளியாட்கள் இல்லை. பிரவுன்ஸ்டீன் ஸ்லீட்டர் கின்னி என்ற இசைக்குழுவின் கிதார்க்காரி, போர்ட்லாந்திலேயே இருந்தவர். ஆர்மிசன் காமெடிக்கு வருவதற்கு முன் பங்க் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். 2005 வாக்கில் இருவரும் சேர்ந்து இணையத்தில் விளையாட்டாகப் போட்ட சின்னச் சின்ன வீடியோக்கள்தான் பிறகு தொடராக வளர்ந்தன. ஊரும் கூடவே விளையாடியது. கைல் மெக்லாக்லன் மேயராக நடிப்பார், அவருடைய உதவியாளர் வேடத்தில் வருகிறவர் அப்போது உண்மையிலேயே மேயராக இருந்த சாம் ஆடம்ஸ். நம் ஊரில் இதை நினைத்துப் பார்க்க முடிகிறதா? சரி, வேண்டாம்.

இப்போது அந்தக் கோழியை இங்கே கொண்டுவாருங்கள். உணவகம் வேண்டாம், தேக்கா ஈரச்சந்தை. நாம் சாப்பிடுவதில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. இங்கே நின்று "உள்ளூர்க் கோழியா?" என்று கேட்பதே வேடிக்கை. அதற்கு மேல் நம்மிடம் போர்ட்லாந்தில் இல்லாத ஒரு சரித்திரம் இருக்கிறது. 2022 ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது ஞாபகம் இருக்கிறதா? நம் கோழியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் உறைந்த கோழிக்கு மாறினார்கள், சிலர் கடையையே மூடிவைத்தார்கள். இரண்டு வாரத்தில் கம்போங் கோழி எனும் நாட்டுக்கோழிக்கும் கருங்கோழிக்கும் மட்டும் அனுமதி வந்தது, சாதாரணக் கோழி அக்டோபர் வரை காத்திருந்தது. கோழிகளுக்குள்ளேயே ஒரு வர்க்கப் பிரிவினை! மலேசியாவின் ஜொகூரிலிருந்து பாலம் தாண்டி வேலைக்கு வருகிறவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். அந்த உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசை கோழிக்கும் உண்டு என்று வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். 60 தாண்டியவர்கள்தான் முதலில் சிரிப்பார்கள், காலை ஆறு மணிக்கே சந்தைக்குப் போய்க் கோழியை அமுக்கிப் பார்த்து வாங்குகிறவர்கள் அவர்கள்தானே.

பறவைக் காட்சியையும் பாருங்கள். கைவினைப் பொருள் செய்கிற இரண்டு பேர் கைப்பை, தேநீர்ச் சட்டி என்று கண்ணில் பட்டதிலெல்லாம் ஒரு பறவைப் படத்தை ஒட்டி, இப்போது கலையாகிவிட்டது என்பார்கள். கடைக்குள் ஒரு நிஜப் பறவை நுழைந்ததும் அலறிக்கொண்டு சாமானை உடைப்பார்கள். தியோங் பாருவில் பால் இறக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அங்கே முன்பு ஒரு காப்பிக்கடை வாசலில் கம்பி கட்டி வரிசையாகக் கூண்டுகளை மாட்டியிருப்பார்கள். சீனப் பெரியவர்கள் காப்பி குடித்துக்கொண்டே பறவைகளைப் பாடவிட்டுக் கேட்பார்கள். வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள்கூடத் தேடி வந்த இடம். அது போய்விட்டது. பக்கத்தில் செங் போ லேனில் இப்போது யிப் இயூ சோங் வரைந்த பறவைக்கூண்டுச் சுவரோவியம் இருக்கிறது. அழகான ஓவியம், குறை சொல்ல மாட்டேன். அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், தோளில் மைனா எச்சம் விழுந்ததும் போட்ட கூச்சலை என் காதாலேயே கேட்டேன். இதை எழுத ஆள் வேண்டுமா?

கடைசியாக உங்கள் அப்பா. அவரைக் கத்தவிடாதீர்கள். அவர் ஏற்காட்டுக்காரராக இருக்கட்டும், அங்கே காப்பித் தோட்டம் உண்டு. பரிஸ்தா பையன் கொட்டையைப் பற்றி விளக்கத் தொடங்குகிறான். இவர் குறுக்கிட்டு, "பீபெரியா, பிளான்டேஷனா?" என்று கொட்டை வகையைக் கேட்கிறார். சிக்கரி எத்தனை சதவீதம், டிகாக்‌ஷன் முதல் இறக்கமா இரண்டாவதா, பால் காய்ச்சி எவ்வளவு நேரம் ஆயிற்று, டவராவைச் சுடுதண்ணீரில் கழுவினீர்களா என்று அடுக்குகிறார். பையனுக்குக் கண் கலங்குகிறது, தன்னைப் புரிந்துகொண்ட ஒரு மனிதரைக் கடைசியில் பார்த்துவிட்டான். பின்னால் வரிசை கடைக்கு வெளியே போகிறது. மகள் மட்டும் நேரமாகிறது அப்பா, நேரமாகிறது என்கிறாள். தராசு வைத்துக் காப்பி போடும் வெறி நம் வீடுகளில் எப்போதோ வந்துவிட்டது அக்கா, பித்தளை பில்டரோடு வந்ததால் யாரும் அதை ஃபேஷன் என்று சொல்லவில்லை.

பழையதாள் எழுதியது:

பால்வண்டி அண்ணன் நன்றாகச் சொல்லியிருக்கிறார், இருந்தாலும் அந்தத் தொடரை ஒரேயடியாகத் தூக்கி வைக்க வேண்டாம். என் கணக்கில் முதல் மூன்று சீசன் போதும். அதற்குப் பிறகு ஒரு நல்ல யோசனையை எட்டு நிமிடத்துக்கு இழுப்பார்கள்.

அந்தக் கூட்டத்து ஆட்களே செய்தார்கள், ஊரும் சேர்ந்து விளையாடியது என்பதும் பாதிதான். அதில் அடிக்கடி ஒரு பெண்ணியப் புத்தகக்கடை வரும், இரண்டு பேரும் கல்லாவில் நின்று வந்தவருக்கு எதையும் விற்காமல் அனுப்புவார்கள். அதைப் படம் பிடித்தது போர்ட்லாந்தில் உண்மையிலேயே இருந்த இன் அதர் வேர்ட்ஸ் என்ற கடையில். 2016இல் அந்தக் கடைக்காரர்களே இனி இந்தத் தொடருக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதி வெளியிட்டார்கள். ஆணே பெண் வேடம் போட்டு நடித்த விதம், படப்பிடிப்பு முடிந்து கடையை விட்டுப்போன நிலை, ஊரில் வாடகை ஏறிப் பழைய ஆட்கள் வெளியேறும்போது அந்த ஊரையே அழகாக விற்றது என்று கோபம் பல. 2018இல் கடை மூடிவிட்டது, தொடரும் அதே ஆண்டில்தான் முடிந்தது. கேலியும் ஒருவகை விளம்பரம்தான். டிவியில் பார்த்துச் சிரித்தவர்களில் கொஞ்சம் பேர் வீடு பார்க்கப் போயிருப்பார்கள்.

தியோங் பாருவை எழுதினால் இதையும் மனத்தில் வையுங்கள். 1930களில் கட்டிய குடியிருப்பு, போருக்கு முந்தைய 20 புளோக்குகளை 2003இல் பாதுகாக்க வேண்டியவையாக அறிவித்தார்கள். அதற்குப் பிறகு வந்த கஃபேக்களில் சிலவற்றையே இப்போது பழைய கடை, பாவம், மூடிவிட்டார்கள் என்று வருத்தப்படுகிறோம். எனக்குப் பிடித்த புத்தகக்கடை ஒன்று யோங் சியாக் தெருவில் இருந்தது, கொள்ளைநோய் நேரத்தில் இணையத்துக்குப் போய்விட்டது. ஹிப்ஸ்டர் என்று சிரித்தோமே, அவர்கள்தான் அங்கே சிங்கப்பூர்க் கவிதைப் புத்தகங்களை முன்வரிசையில் வைத்து விற்றார்கள்.

தேக்கா காட்சியில் கோழிக்கடைக்காரரைக் கோமாளி ஆக்காதீர்கள், மன்றத்தில் அவருடைய உறவினர் உட்கார்ந்திருப்பார். அப்புறம் மேடையில் கேமரா கிடையாது, பண்ணைக்கு வெட்டிப் போக முடியாது. இரண்டு நாற்காலி போதும் என்கிற காட்சிகளாகப் பாருங்கள். கஃபேயில் இரண்டு பேர், அந்தப் பத்திரிகையில் வந்ததைப் படித்தாயா, இதைப் படித்தாயா என்று மாறி மாறிக் கேட்பார்கள், வேகம் ஏறிக்கொண்டே போகும், ஒருவரும் படித்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அது மேடைக்கு அப்படியே பொருந்தும். நம் வாசகர் வட்டத்துக் கூட்டங்களுக்கும் பொருந்தும், ஆனால் அதைப் போட்டால் நீங்கள் அங்கே திரும்பிப் போக முடியாது.

ஈசூன்காரி எழுதியது:

மூவருக்கும் நன்றி. மாடிப்படி தம்பி, கோபிக்காதீர்கள், மஞ்சள் பால் இந்த வருடம் ஓய்வில் இருக்கட்டும்.

நேற்று இரவு கோழிக் காட்சியைத் தொடங்கினேன். மகள் இரண்டு இடத்தில் சிரித்தாள். கொஞ்சம் மட்டும் போடுகிறேன்:

கணவன்: அண்ணே, இந்தக் கோழி எங்கிருந்து வருது?
கடைக்காரர்: ஜொகூர்.
மனைவி: ஜொகூர்ல எங்கே?
கடைக்காரர்: குளுவாங் பக்கம். காத்தோட்டமான இடம்.
கணவன்: பாலத்துல ரொம்ப நேரம் நின்னுச்சா?
கடைக்காரர்: வெள்ளிக்கிழமை ராத்திரிங்க. மூணு மணி நேரம்.
மனைவி: (நெஞ்சில் கை வைத்து) தனியாவா?
கடைக்காரர்: இல்லம்மா, ஊர்க்காரங்க எல்லாம் ஒரே லாரி. (விவரக் கோப்பு ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுக்கிறார்.) பேரு குணா.
கணவன்: 2022ல இவங்க குடும்பத்துக்கு ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்.
கடைக்காரர்: அப்பத்தான் நல்லா இருந்தாங்க. பெர்மிட் கிடைக்கலைன்னு தாத்தா நாலு மாசம் கூட வாழ்ந்தாரு.

இதற்குப் பிறகு எங்கே கொண்டுபோவது என்று தெரியவில்லை. ஒரு யோசனை: பின்னால் நிற்கும் பாட்டி பொறுமை இழந்து இருவரையும் திட்டுவது.

பால்வண்டி எழுதியது:

தாத்தா இடத்தில் வண்டியிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்துச் சாலைப் பணியாளர் திரும்பிப் பார்த்தார்.

பாட்டி திட்ட வேண்டாம் அக்கா. திட்டினால் அவரும் பழைய அப்பாதான், சேலை மட்டும் மாறியிருக்கும். பாட்டி நெருங்கி வரட்டும், கூட்டம் அவர் திட்டப்போகிறார் என்றே நினைக்கும். அந்த விவரக் கோப்பினை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படிக்கிறார். "நட்சத்திரம் போடலையே?" என்று கேட்கட்டும். கடைக்காரர் மறுபக்கத்தைத் திருப்பிக் காட்டட்டும், ஜாதகம் இருக்கிறது. அப்புறம் மூன்று பேரும் குணாவுக்கு இன்றைக்கு நாள் நல்லதா என்று பார்க்கத் தொடங்குகிறார்கள். செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, புரட்டாசி எல்லாவற்றையும் கழித்துவிட்டால் பாவம், கடைக்காரர் எந்தக் கிழமைதான் விற்பார்? பழையதாள் சொன்னபடி அவர் கோமாளியும் ஆகவில்லை, மேடையில் அவருக்குத்தான் வேலை தெரியும்.

கடைக்காரர் வேடத்துக்கு நன்றாகத் தமிழ் பேசுகிற, அவசரப்படாத ஒருவரைப் போடுங்கள். சிரிப்பு வந்தால் அடக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அவர் உதட்டோரம் நெளிந்தால் எல்லாம் போச்சு. கோப்புக்கு மஞ்சள் உறை வேண்டாம், மேடை விளக்கில் தெரியாது. நீல நிறத்தில் அலுவலகக் கோப்பு எழுதுபொருள் கடையில் கிடைக்கும். ஒத்திகை வியாழக்கிழமை என்றால் சொல்லுங்கள், அன்றைக்கு எனக்கு ஈசூன் பக்கம் இறக்கம் இருக்கிறது, எட்டு மணிக்குள் வந்துவிடுவேன்.